ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பியது யார்

ஜூன் 10, செவ்வாய்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. லேப்டாப்பை மேஜையில் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, ராத்திரி மூடி வைக்கிறப்ப எண்பது பர்சென்ட் இருக்கு. காலையில திறந்தா ஆனே ஆகல. போன வாரம் பஸ்ஸுல வர்றப்ப பைக்குள்ளயே ஃபேன் ஓடுது, தொட்டா சுடுது." பேட்டரி போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வேறொரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று தெரியாத பிள்ளை.

பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று தொடங்கும் ஒரே வரிதான். புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுச் சார்ஜில் எவ்வளவு பிடிக்கிறது, இரண்டும் வந்துவிடும். இதில் பத்துக்கு எட்டு பங்கு இன்னும் இருக்கிறது. நல்ல பேட்டரி. மாற்றியிருந்தால் புது பேட்டரியும் இதேபோல் விடியுமுன் தீர்ந்திருக்கும். மெஷின் ராத்திரியில் தூங்கவில்லை, அதுதான் விஷயம். அவளுடைய வயர்லெஸ் மவுஸையும் சேர்த்து விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

ஒவ்வொரு முறை ஸ்லீப்பில் போனதையும் எழுந்ததையும் விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் பவர்-ட்ரபிள்ஷூட்டர் என்ற பெயரில் இருக்கும். இவள் மெஷினில் பல நாட்களின் பதிவிலும் எழுந்த நேரம் 20:30-ஐ ஒட்டியே. போனில் கேட்டேன். "எட்டரை மணிக்கு நான் அதுல எழுதிக்கிட்டுல்ல இருப்பேன், அப்ப நான் மூடவே இல்லியே" என்றாள். அந்தப் பதிவு உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் ராத்திரி இரண்டு. வைஃபையையோ மவுஸையோ இதற்குச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நாள் தவறாமல் ஒரே நேரத்தில் எழுந்தால் அது டைமர்தான்.

பவர்சிஎஃப்ஜியிடம் வேக்டைமர்ஸ் என்று கேட்டதும் ஆளைக் காட்டிக்கொடுத்தது: தானியங்கிப் பராமரிப்பு வேலை. கன்ட்ரோல் பேனலில் அதன் பக்கத்தைத் திறந்தால் நேரம் 2:00 AM, அந்த நேரத்தில் கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்ற கட்டத்தில் டிக். எடுத்துவிட்டேன். பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப்புக்குக் கீழே வேக் டைமர்களை அனுமதிக்கும் இடத்திலும் பேட்டரி, சார்ஜர் இரண்டுக்குமே டிஸேபிள் போட்டேன். பலர் சார்ஜருக்கு மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பையில் போகும் மெஷின் ஓடுவது பேட்டரியில்.

ஆனால் மனசு சமாதானம் ஆகவில்லை. ஆள் இல்லாமல் டைமரால் எழுந்த மெஷின், வேலை முடிந்தால் சில நிமிடத்தில் தானே மறுபடி தூங்கப் போக வேண்டும். விடிய விடிய ஏன் விழித்திருந்தது? ரிக்வெஸ்ட்ஸ் என்று கேட்டேன். ஆடியோ டிரைவர் பெயரில், ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பதில். பிரவுசரில் ஒரு விரிவுரை வீடியோ திறந்த டேபில் இருந்தது. டேபை மூடிவிட்டுத் திரும்பக் கேட்டால் பட்டியல் காலி. எழுப்பியது ஒன்று, தூங்க விடாமல் பிடித்துவைத்தது வேறொன்று. முதலாவதை மட்டும் சரிசெய்து அனுப்பும் கடைகளுக்குத்தான் அதே மெஷின் மறு வாரமே திரும்பி வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

நேற்று கரண்ட் இல்லை, வேலை நகரவில்லை. இன்று மவுஸைப் பார்த்தேன். ஸ்லீப்பில் போட்டுவிட்டு, ரிசீவரைச் செருகி, மவுஸைக் கடையின் கண்ணாடி மேஜையில் வைத்தேன். யாரும் தொடவில்லை, திரை எரிந்துவிட்டது. வழவழப்பான பரப்பில் அடியிலுள்ள சென்சாருக்கு பிடிமானம் கிடைக்காது. தானே நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். எழுப்ப அனுமதி உள்ள சாதனங்களைப் பட்டியல் கேட்டதில் கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கார்டு மூன்றும் வந்தன. டிவைஸ் மேனேஜரில் மவுஸுக்கும் கார்டுக்கும் அனுமதியை எடுத்தேன், கீபோர்டை விட்டுவைத்தேன்.

நெட்வொர்க் கார்டுக்கு அந்த அனுமதி இருப்பதில் அர்த்தம் உண்டு. அலுவலகத்தில் அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து எழுப்ப மேஜிக் பாக்கெட் அனுப்புவார்கள்: முதலில் எல்லா பிட்டும் 1 ஆக உள்ள 6 பைட், பிறகு அந்தக் கார்டின் முகவரி 16 தடவை, ஆக 102 பைட். வாடகை அறையில் தங்கி ஆய்வேடு எழுதுகிறவளுக்கு அது எதற்கு?

ஜூன் 14, சனி

ராத்திரி மூடியபோது 80, காலையில் 78. பதிவில் நடுவே எந்த விழிப்பும் இல்லை. வந்து வாங்கிக்கொண்டாள். டேபை மூடிவிட்டு மடிக்கும்படி சொன்னேன். பேட்டரி மாற்றாததால் கூலி மட்டும் வாங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். புது லேப்டாப், அதே புகார். ஆனால் இது வேறு ஜாதி. அந்தப் பெண்ணின் மெஷினில் இருந்தது எஸ்3 என்ற பழைய ஸ்லீப்: ராமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட், பிராசஸர் முற்றாக அணைந்திருக்கும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் 1996-ல் வெளியிட்ட ஏசிபிஐ தரத்தில் வரையறுத்த நிலை அது. புது மெஷின்கள் பலவற்றில் அது கிடையாது. எஸ்0 என்ற மாடர்ன் ஸ்டாண்ட்பை மட்டும்தான். போனைப்போல் திரை அணைந்தாலும் உள்ளே அரைத் தூக்கம், நெட் இணைப்பு தொடரலாம், மெயில் வரலாம். எது இருக்கிறது என்று பவர்சிஎஃப்ஜி ஏ சொல்லும்.

அதே பவர்சிஎஃப்ஜி தரும் ஸ்லீப்ஸ்டடி ரிப்போர்ட்டை அவருக்கே திருப்பிக் காட்டினேன். ஞாயிறு ராத்திரியில் நீளமாக ஒரு கோடு, அதற்குக் கீழே அதிக நேரம் விழித்திருந்த பட்டியலில் முதல் பெயர் வைஃபை கார்டு. "பழைய ஸ்லீப்பையே திருப்பிக் கொண்டுவர முடியாதாம்மா?" என்று கேட்டார். சில மாடல்களில் பயோஸில் வழி இருக்கும், அவருடையதில் இல்லை. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கு இந்த அரைத் தூக்க ஏற்பாடு பொருந்தவே பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்னும். பழையதையும் ஒரு தேர்வாக விட்டு வைத்திருக்க வேண்டும்.

ஹைபர்னேட்டை ஆன் செய்தேன். மூடியை மடித்தால் ஸ்லீப்புக்குப் பதிலாக அதற்கே போகும்படி மாற்றினேன். ராமில் உள்ளது எல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டு கரண்ட் சுத்தமாக நின்றுவிடும். திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், டிஸ்க்கில் சில ஜிபி போகும். அந்த இடத்துக்காக டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்ய அவரே உட்கார்ந்துவிட்டார்.