அப்பாயின்டீ கட்டம்

1989இல் ஹார்பரில் சரக்கு சரிந்து அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவருடைய 25,000 ரூபாய் பாலிசிக்கு நாமினி நான் என்பதே காரியம் முடிந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. நாமினி மைனராக இருந்தால், அந்தப் பிள்ளைக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவரைப் பாலிசிதாரர் நியமிக்கலாம் என்கிறது 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. படிவத்தில் அவருக்கு 'அப்பாயின்டீ' என்று பெயர். அந்தக் கட்டத்தில் அப்பா எழுதியிருந்தது பெரியப்பாவின் பெயரை.

ராயபுரத்திலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா போனாள். இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, என் பிறப்புச் சான்றிதழ், ஒரிஜினல் பாலிசி எல்லாம் ஒரு மஞ்சப்பையில். கவுன்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவரக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

"நான்தான் சார் இவளப் பெத்தவ."

அவர் திட்டவில்லை. அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

பெரியப்பா கெட்டவரில்லை. ஏமாற்றவுமில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் திருவொற்றியூரில் அவர் வீட்டு வாசலில் அம்மா நிற்பாள். அவர் எண்ணிக் கொடுப்பார். "எங்க வூட்டுக்காரரு இல்லன்னா இந்தப் புள்ள படிச்சிருக்குமா" என்று பெரியம்மா தெருவுக்கே சொன்னாள். என் பணத்தில் படித்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லியே வளர்ந்தேன்.

1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் நிவாரணப் பத்திரம் வாங்கப் போனபோது, கணவர் சம்மதித்திருந்தும், தந்தையின் கையெழுத்து வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியது. 'பின்' என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்று உச்ச நீதிமன்றம் உரை சொன்னது 1999 பிப்ரவரியில். தமிழ் வகுப்பில் ஒரு சொல்லுக்கு உரை சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆகும்.

அம்மாவுக்கு அந்த உரைகூடத் தேவைப்பட்டிருக்காது. அப்பா இல்லை, சட்டப்படி அவள்தான் என் காப்பாளர். கட்டம் காலியாக இருந்திருந்தால் அவளே கேட்டிருக்கலாம். அப்பா அவளை நம்பாமல் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. "வீட்ல பெரியவங்க யாரு?" என்று ஏஜென்ட் கேட்டிருப்பார். அவ்வளவுதான். உயிரோடிருக்கும்வரை அந்தப் பெயரைப் பாலிசிதாரர் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அங்கே யார் பெயர் இருக்கிறதென்றே எத்தனை மனைவிகளுக்குத் தெரியும்?

போன மாதம் நான் ஒரு பாலிசி எடுத்தேன். நாமினி, பத்து வயது மகள். வீட்டில் நாங்கள் இருவர்தான். "அண்ணன், தம்பி யாராவது இருக்காங்களா மேடம்?" என்றார் ஏஜென்ட். படிவத்தை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"எனக்கு அறுபத்தெட்டு ஆவுது. உன் தங்கச்சி பேரப் போடு" என்றாள். பிறகு, "அது எங்க இருக்குது, காட்டு" என்றாள்.

விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இத்தினியூண்டுதானா?"