உம்மும்மா கதைக்கிற கசெட்

டைல்ஸ் பதிக்கிறதுக்காக அலுமாரியை நகர்த்தினபோதுதான் அந்தப் பை கிடைத்தது. உள்ளே மாமா கட்டாரிலிருந்து கொண்டு வந்த மினி டிவி கமராவும் மூன்று கசெட்டுகளும். ஒன்றில் சாச்சியின் கல்யாணம், இன்னொன்றில் பாதிக்கு மேல் வெறுமை. மூன்றாவதில் மாமாவின் கையெழுத்து: 'உம்மா கதைக்கிறது, 2006'.

உம்மும்மா 2009இல் மவுத்தானா. அப்ப எங்கள் வீட்டில் யாரிடமும் ஸ்மார்ட் போன் இல்லை. அவவின் படங்கள் இருக்கு, குரல் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, பிறகு கனமூலையில் குடியேறினவ அவ. அந்த வள்ளத்தில் யார் யார் வந்தார்கள் என்று பேர் பேராகச் சொல்லுவா என்று உம்மா சொல்லுவா. எங்களுக்கு அந்தப் பேர்கள் வேணும்.

பற்றரி செத்திருந்தது. அடப்டரில் போட்டதும் திரையில் 'சி:21'. உள்ளே ஈரம் என்று அர்த்தம். கடல் காத்து அடிக்கிற ஊரில் இது வராட்டித்தான் அதிசயம். சிலர் அரிசி டின்னுக்குள் வைக்கச் சொன்னாங்க. அரிசித் தூசு உள்ளே போனால் இன்னும் மோசம். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து, மூடியைத் திறந்தபடி ஒரு டப்பாவில் இரண்டு நாள் வைத்தோம். பிழை போயிற்று.

உம்மும்மாவின் கசெட்டை முதலில் போடக் கூடாது என்ற அளவுக்குப் புத்தி இருந்தது. கல்யாணக் கசெட்டைப் போட்டோம். 'சி:31' வந்து நின்றது. வெளியே எடுக்கப் பார்த்தால் நாடா உள்ளே சிக்கியிருந்தது. இழுத்தோம். அதுதான் நாங்கள் செய்த பிழை. மின்சாரத்தைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து, திரும்பக் கொடுத்து எஜெக்ட் அழுத்திப் பார்த்திருக்கணும். ஒரு அடி நாடா கசங்கிப் போயிற்று. இந்த நாடா ஒரு செக்கனுக்கு 19 மில்லிமீற்றர்கூட ஓடாது. அப்படியென்றால் 16 செக்கன் போச்சு. மாப்பிள்ளை வந்து இறங்குகிற இடம்.

சாச்சியிடம் போய்ச் சொன்னோம். "அவர் வந்து இறங்கினது எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க உம்மாட கசெட்டப் பார்த்துச் செய்யுங்க" என்றா.

அதுக்குப் பிறகு அவசரப்படவில்லை. இரண்டாவது கசெட்டைப் போட்டோம். ஓடியது, ஆனால் படம் கீலம் கீலமாக, ஒரு கீற்று அசைய அடுத்த கீற்று உறைந்து நின்றது. சத்தமும் விட்டு விட்டு வந்தது. இந்தக் கமராவுக்குள் ஒரு சின்ன உருளை நிமிடத்துக்கு 9,000 தடவை சுற்றுகிறது. அதில் எதிரெதிராக இரண்டு ஹெட் இருக்கு. ஒன்றில் அழுக்கு அடைத்தால் படத்தில் பாதி போய்விடும். சத்தமும் அதே தடங்களில்தான் பதிவாகிறது. அப்போ நாடா கெடவில்லை, வாசிக்கிறதுதான் அடைத்திருக்கு.

புத்தளம் டவுனில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் வாங்கினோம். காதுக்குச்சி பாவிக்கக் கூடாது, பஞ்சு நூல் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். வெள்ளைத் தாள் துண்டொன்றை நனைத்து உருளையில் அசையாமல் பிடித்தோம். உருளையை மட்டும் விரலால் மெல்லச் சுற்றினோம். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். தாளில் கறுப்புக் கோடு விழுந்தது. நன்றாகக் காய விட்டு, அந்தக் கசெட்டைத் திரும்பப் போட்டோம். படம் சுத்தம்.

பிறகுதான் உம்மும்மா. லெப்டொப்பில் பதிவை ஆரம்பித்துவிட்டே பிளே அழுத்தினோம். திரும்ப ஒரு தடவை ஓடுமோ தெரியாது.

அவ முதலில் மாமாவை ஏசினா. "இத மூடி வை, சோறு ஆறப் போகுது." பிறகு இருந்து கதைச்சா. பேர்களைச் சொல்லத் தொடங்கின இடத்தில் கீற்று திரும்ப விழுந்தது. எங்களில் ஒருவன், "ஓடட்டும்டா" என்றான். நிறுத்தினோம். திரும்பத் துடைத்து, காய விட்டு, கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்கினோம். 23 பேர் வந்தது, முழுசாக.

22 பேரை உம்மாவும் மாமாவும் யார் என்று சொன்னாங்க. ஒரு பேரை இருவருக்கும் தெரியவில்லை. மாமா மூன்று தடவை போட்டுக் கேட்டார். கசெட்டில் இல்லை, லெப்டொப்பில்.

"வள்ளத்துல என்னோடதான் இருந்திருக்கணும்" என்றார்.

அந்தப் பேரையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படிக் கசெட் கிடந்தால், மழைக்கு முதல் எடுத்துப் பாருங்கள். சிக்கினால் மட்டும் இழுக்காதீங்க.