ஆள் வந்தால்தான் சீல்

நோட்டரி பப்ளிக்காக நியமனம் பெறுகிறவருக்குத் தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டமும் 1956ஆம் ஆண்டின் விதிகளும் கேட்பது வக்கீல் தொழிலில் கழிந்த ஆண்டுகளைத்தான்: பொதுவாகப் பத்து, பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு. அந்த அனுபவமே போதும் என்பது சட்டத்தின் கணக்கு. அது பாதிதான் சரி. வக்கீல் ஒரு தரப்புக்காகப் பேசிப் பழகியவர். நோட்டரிக்குத் தரப்பே இல்லை. கட்சிக்காரரின் சொல்லை நம்பி வழக்கு நடத்தியவர், எதிரே நிற்பவர் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் 8ஆம் பிரிவில் நோட்டரியின் வேலைகள் நீளமாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. பணம் தர மறுக்கப்பட்ட வணிக உண்டியலைக் குறித்துவைப்பது, கப்பல் சேதத்துக்கு அறிக்கை எழுதுவது எல்லாம் அதில் உண்டு. கல்வராயன் மலையை ஒட்டிய மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியில் எந்த மாலுமியும் வந்து நிற்கப்போவதில்லை. ஆனாலும் இந்த வேலை வணிகர் உலகத்தில் பிறந்தது என்பதற்கு அந்தப் பட்டியல் சாட்சி. செக் மோசடி வழக்கென்று இன்று எல்லோரும் சொல்லும் 138ஆம் பிரிவு, 1952க்கு முன்பு அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் நோட்டரி நியமனத்துக்கான பிரிவாக இருந்தது. செக் விவகாரம் அந்த எண்ணில் குடியேறியது 1988இல்.

மாவட்டத் தலைநகரில் உண்மையில் வந்து சேரும் வேலை வேறு: தொலைந்துபோன சான்றிதழுக்கு அபிடவிட், வாடகை ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரின் சான்றிதழ் நகல், நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டிய பிரமாணப் பத்திரம். முதலில் கைவர வேண்டியது முத்திரைத்தாள் கணக்கு. 2024 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண அபிடவிட்டுக்கான தீர்வை 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கென்றே எழுதியதற்கும், ஓய்வூதியம் பெறுவதற்காக எழுதியதற்கும் அந்தத் தீர்வை இல்லை. இந்த வேறுபாடு தெரியாத நோட்டரி, ஏழைக் கிழவியை 200 ரூபாய்த் தாள் வாங்க அனுப்பிவிடுவார்.

தாளைவிடக் கடினம் ஆள். "அவரு மலையில இருக்காருங்க, கையெழுத்து வாங்கியாச்சு, நீங்க சீல் மட்டும் போட்டுக் குடுங்க" என்ற வேண்டுகோள் புது நோட்டரியின் மேசைக்கு வராமல் இராது. கொண்டுவருபவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார்: சக வக்கீலின் குமாஸ்தா, பத்திர எழுத்தர், டைப் அடிக்கும் கடைக்காரர். மோசடிக்காரன் கேட்டால் மறுப்பது எளிது. நல்லவர் அவசரத்தில் கேட்டால்தான் சங்கடம். நோட்டரியின் சான்று, ஆவணத்தில் உள்ளது உண்மை என்று சொல்வதில்லை. இன்னார் என் முன் வந்தார், அடையாளம் காட்டினார், கையொப்பமிட்டார் என்று மட்டுமே சொல்கிறது. ஆள் வராவிட்டால் அந்த ஒரே வாக்கியமும் பொய்.

அடுத்த இடறல் 'பவர்'. இந்தியாவில் வசிப்பவர், தன் சார்பில் சொத்துப் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுப்பதானால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்னிலையில்தான் அதை எழுதிக்கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் வசிப்பவரோ அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். தம்பிக்கு அங்கே நடந்தது அண்ணனுக்கு ஏன் கள்ளக்குறிச்சியில் நடக்காது என்று குடும்பமே கேட்கும். இலங்கையில் சட்டம் வேறு திசையில் போனது: 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் (நோட்டரி) இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லவே செல்லாது.

கல்வராயன் மலையிலிருந்து வரும் காகிதங்களுக்குத் தனிப் பக்குவம் வேண்டும். கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்தவருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கும் கவலை. ஒரே ஊர், ஒரு சான்றில் தென்னார்க்காடு மாவட்டம், இன்னொன்றில் விழுப்புரம், ஆதாரில் கள்ளக்குறிச்சி. 1993இலும் 2019இலும் மாவட்டங்கள் பிரிந்ததன் விளைவு இது; ஆள் மாறாட்டம் அல்ல. பழங்குடிப் பட்டியலில், இம்மலையில் வாழும் மலையாளி இனம் பழைய மாவட்டப் பெயர்களோடுதான் இருக்கிறது என்பதால், பழைய பெயர் தாங்கிய காகிதத்தைத் தூக்கிப்போடவும் கூடாது. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்பதும் சகஜம்; "இரண்டும் ஒருவரே" என்ற அபிடவிட் அதற்காகத்தான் எழுதப்படுகிறது. கைநாட்டு வைப்பவருக்கு முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும். படிக்கும்போது சுருக்கினால், படித்துக் காட்டியதாக எழுதுவது பொய்யாகிவிடும். "ஆமாங்க" என்பதோடு நிறுத்தாமல், என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது நல்ல பழக்கம்.

மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. பல குடும்பங்களிடம் பழைய நிலக் காகிதமே இல்லாததற்கு அது ஒரு காரணம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்து எழுதப்பட்டது; 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்த அனுபவத்துக்குப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிவைத்தாலும் அது சான்று. அதற்கு நோட்டரி சீல் தேவையில்லை. கேட்டு வருபவரிடம் அதைச் சொல்லிக் கட்டணத்தை விட்டுவிடுவதே முறை. அந்தச் சட்டத்தில் கிடைத்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. ஆகவே அப்படிப்பட்ட நிலத்துக்கு விற்பனை ஒப்பந்தம் கொண்டுவந்து சீல் கேட்டால், கட்டாயம் மறுக்க வேண்டும். வாங்குபவர் ஏமாறுவார், விற்பவர் நிலத்தையும் இழந்து வழக்கையும் சுமப்பார். முத்திரைத்தாளில் எழுதிய கல்யாணமும் விவாகரத்தும் இதே வகை. இவற்றுக்குச் சான்றளிக்க நோட்டரிக்கு அதிகாரமில்லை என்று மத்திய சட்டத் துறை 2024இல் சுற்றறிக்கையே விட்டது.

சீலின் அளவைக்கூட விதிகள் விடவில்லை: வட்டம், 5 செ.மீ. குறுக்களவு, அதில் பெயரும் எல்லையும் பதிவு எண்ணும். எல்லை என்பதைப் புதியவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதுண்டு. கல்வராயன்மலை இன்று தனி வட்டம். நோட்டரிச் சான்றிதழில் எழுதிய எல்லைக்குள் அது வருகிறதா என்று பார்க்காமல் அங்குள்ள வெள்ளிமலையில் போய் உட்கார்ந்து கையெழுத்து வாங்கக் கூடாது. கட்டணப் பட்டியலை அலுவலகத்தில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொரு ஆவணத்தையும் வரிசை எண்ணோடு ஏற்ற வேண்டும். மாலையில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வழக்கம், ஏதாவது ஒரு வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறும்போது காலை வாரிவிடும். ஜனவரி முதல் வாரத்தில் அரசுக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையும் இந்தப் பதிவேட்டிலிருந்துதான் தயாராகிறது.