ராஜா சொன்னால் பாயசமும் கசக்கும்

அம்பலப்புழை கோயிலில் பால்பாயசத்துக்குக் காத்து நிற்பவர்கள் உண்மையில் ஒரு ராஜாவின் பழைய கடனில் பங்கு வாங்க நிற்கிறார்கள். ஆலப்புழைக்குத் தெற்கே சுமார் 14 கி.மீ. தொலைவில் உள்ள இந்தக் கிருஷ்ணன் கோயிலின் கதை அப்படி. சதுரங்கத்தில் தன்னை வெல்ல ஆளில்லை என்று மார்தட்டிய மன்னரிடம் ஒரு முனிவர் ஆட்டத்துக்கு வந்தார். தோற்றால் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தர வேண்டும். இவ்வளவுதானா என்று ஒப்புக்கொண்ட மன்னர் தோற்றார். கணக்குப் பார்த்தால் 20 இலக்க எண். நாட்டின் களஞ்சியம் முழுவதையும் கொட்டினாலும் தீராது. முனிவர் வேடத்தில் வந்த கண்ணன், போனால் போகிறது, தினமும் பாயசமாகக் கொடு என்று இறங்கி வந்தானாம். பால், அரிசி, சர்க்கரை, தண்ணீர், நெடுநேரக் கொதி. கடன் இன்னும் அடைந்தபாடில்லை.

ராஜாவின் மூக்கு உடைந்ததையே தலபுராணமாகச் சொல்லும் ஊரில் குஞ்சன் நம்பியார் பெயர் வாங்கியதில் ஆச்சரியமில்லை. 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர். பிறந்தது பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில். அந்தக் களக்கத்து வீடு இன்று நினைவிடம். பிழைப்பு தேடி வந்தது இங்கே, செம்பகசேரி மன்னரின் நிழலுக்கு.

மன்னர் ஒருநாள் பாயசத்தைச் சுவைத்துவிட்டு முகம் சுளித்தார். கசக்கிறதே! சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் உடனே கசந்தது. நம்பியார் மட்டும் ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். உமக்குக் கசக்கவில்லையா என்று மன்னர் கேட்டதற்கு, கசக்கத்தான் செய்கிறது, ஆனால் எனக்கு இந்தக் கசப்புப் பிடிக்கும் என்றாராம். ராஜாவை மறுத்துப் பேசவும் இல்லை, பாயசத்தை விடவும் இல்லை. அரசனை அண்டிப் பிழைப்பவனின் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

கோயிலின் புதிய விளக்குத்தூணைப் பாடச் சொன்னபோது மற்றப் புலவர்கள் உவமைகளை அடுக்கினார்கள். நம்பியார் சுருக்கமாக முடித்துக்கொண்டார்: தூண் பேரற்புதம், எனக்கும் பணம் வேண்டும். கிண்டலில் அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

இவையெல்லாம் வாய்வழிக் கதைகள். நடந்ததற்குச் சாட்சி இல்லை. ஆனால் இரண்டரை நூற்றாண்டாக மலையாளிகள் இவற்றைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மிகப் பிரபலமான கதை தூக்கத்தைப் பற்றியது. கோயிலில் சாக்கியார் கூத்து. நம்பியார்களின் குலத்தொழில் மிழாவு என்ற பானை முரசை வாசிப்பது. குஞ்சன் நம்பியார் நடுவில் கண்ணயர்ந்துவிட்டார். சாக்கியார் சும்மா விடுவாரா? சபை முன் வைத்து வாரினார்.

சாக்கியாருக்கு அந்த உரிமை உண்டு. புராணம் சொல்லும் சாக்கில் எதிரே இருக்கும் யாரையும், அரசனே ஆனாலும், நையாண்டி செய்யலாம். கேட்பவர் எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது. பழமையான மரபு இது. செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆனால் அந்தக் கூத்து நடந்தது மதிலுக்குள்ளே. உட்கார்ந்து கேட்க அனுமதி பெற்றவர்கள் உயர்சாதியினர். சம்ஸ்கிருதம் கலந்த அந்தச் சிரிப்பு, ஊரின் பெரும்பகுதிக்கு மதிலைத் தாண்டிக் கேட்காத சிரிப்பு.

அவமானப்பட்ட நம்பியார் மறுநாளே சொந்தமாக ஓர் ஆட்டத்துடன் வந்து சாக்கியாரின் கூட்டத்தை இழுத்துக்கொண்டார் என்பது கதை. சாக்கியார் புகார் செய்ய, கோயிலுக்குள் அதற்குத் தடை விழுந்ததாம். அப்படிப் பிறந்ததாகச் சொல்லப்படுவதுதான் துள்ளல். ஓட்டன், சீதங்கன், பறையன் என மூன்று வகை. ஒரே ஆள் பாடி ஆடுவார், பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார், கூடவே தாளம். எளிய மலையாளம்.

‘கல்யாண சௌகந்திக’த்தில் பீமன் வழியில் கிடக்கும் கிழட்டுக் குரங்கிடம் வீராப்புப் பேசி வால் தூக்க முடியாமல் விழிப்பான். பெயர்தான் பீமன், ஆள் பக்கத்துத் தெரு வாய்ச்சவடால்காரன். நம்பியாரின் தேவர்களும் அசுரர்களும் கேரளத்துக்காரர்களாகவே நடந்துகொள்கிறார்கள். நாயர் படைவீரன், வைத்தியன், தமிழ்ப் பட்டர், காசாசை பிடித்த அதிகாரி எல்லாரும் புராணத்துக்குள் நுழைந்து அடிவாங்குகிறார்கள். கேட்பவன் அடுத்தவனை நினைத்துச் சிரிப்பான், அடுத்தவனும் அப்படியே. பெண்களைப் பற்றிய கேலிகள் சில இன்று படிக்கையில் நெருடுகின்றன. அவர் காலத்தை முழுக்கத் தாண்டியவர் அல்ல.

1746இல் மார்த்தாண்ட வர்மா செம்பகசேரியைத் திருவாங்கூரோடு சேர்த்துக்கொண்டார். பாயசம் கசந்த ராஜாவுக்கு ராஜ்யம் போயிற்று. நம்பியார் திருவனந்தபுரம் போய்ப் புதிய எஜமானரை அண்ட வேண்டியிருந்தது. அம்பலப்புழையில் எல்லாச் சாதி இந்துக்களும் மதிலுக்குள் போக 1936 நவம்பர் 12இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர வேண்டியிருந்தது.

குஞ்சன் நம்பியார் தூங்கி வழிந்ததாகச் சொல்லப்படும் மிழாவு இன்றும் கோயிலில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு, பக்தர்கள் பாயச வரிசைக்கு நகர்கிறார்கள்.