வெண்பனியும் வீட்டுக் கூரையும்

வீட்டுக்குக் கூரை எத்துணை இன்றியமையாதது என்பதை மாந்தர் பெரும்பாலும் அது ஒழுகும்போதே உணர்கின்றனர். யாழ்ப்பாணத்திலே கிடுகு வேய்ந்த வீடுகள் மிகுந்திருந்த நாளில், ஆவணி புரட்டாதியிலேயே வேய்ச்சல் வேலை முடிந்துவிடும். ஐப்பசி மழை இறங்கிய பின் ஏணி தேடுபவனை ஊரார் எள்ளி நகையாடுவர். ஓட்டு வீடுகள் பெருகிய பின்னும் அவ்வழக்கம் முற்றாக மறையவில்லை. மாரிக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றுதலும், பீலியிலுள்ள சருகை அள்ளுதலும் இன்றும் நடைபெறுகின்றன. நம் கூரைக்குப் பகை மேலிருந்தே வரும். மழையும் காற்றும் வெயிலுமே அப்பகை. ஆனால், நீரெல்லாம் உறைந்துபோகும் குளிர்நாடுகளிலே கூரைக்கு வரும் கேடு பலவேளைகளில் வீட்டினுள்ளிருந்தே புறப்படுகின்றது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். நாமும் வியப்படைந்தோம்.

2019 ஆம் ஆண்டு தை மாதத்தை நாம் கனடாவிலே, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் நம் தம்பியின் இல்லத்திற் கழித்தோம். இருபதாண்டு இரவு பகலாக உழைத்துச் சேர்த்த பொருளும், இன்னும் பல்லாண்டு கட்டவேண்டிய கடனும் சேர்ந்து உருவான வீடு அது. அம்மாத இறுதியிலே ஒரு திங்கட்கிழமை வெண்பனி பெருமளவிற் கொட்டியது. நம்மூர் மார்கழிப் பனியை அறிந்தவர்கள் இதனை அதனோடு ஒப்பிடலாகாது. பஞ்சுப் பொதியை அவிழ்த்து வானத்திலிருந்து உதறினாற்போல அது வீதியையும் மரத்தையும் கூரையையும் ஒருசேர மூடிவிட்டது. அதனைத் தொடர்ந்து கடுங்குளிர் வந்தது. இரண்டு நாளிற் கூரையின் விளிம்பிலே பளிங்கு ஈட்டிகள்போலப் பனிக்கட்டிகள் வரிசையாகத் தொங்கின. பிள்ளைகள் அவற்றின் அழகைப் படம்பிடித்து மகிழ்ந்தனர்.

அவ்வேளையில் தம்பியின் மனைவி மேல்மாடி அறையின் உட்கூரையிலே தேநீர் சிந்தினாற்போன்ற ஒரு கறையைக் கண்டார். மாலைக்குள் கறை விரிந்து, துளி துளியாக நீர் சொட்டலாயிற்று. வெளியே நீரெல்லாம் கல்லாகிக் கிடக்கையில் வீட்டுக்குள் ஒழுக்கு எவ்வாறு வந்தது? தம்பிக்கு ஆராய்ச்சி செய்யப் பொறுமையில்லை. கோடரியும் ஏணியுமாக வாசலுக்குப் போனான். “விடுங்கோ அண்ணை, அந்தக் கட்டியைக் கொத்தி விழுத்தினால் எல்லாம் சரி” என்றான். மனைவியோ ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, “கூரை ஒழுகினால் ஒழுகட்டும். நீங்கள் ஏறவேண்டாம்” என்று மறித்து நின்றார்.

இந்த ஆரவாரத்தைக் கேட்டு அயல்வீட்டு முதியவர் வெளியே வந்தார். அந்நாட்டின் குளிர்காலங்கள் பலவற்றைக் கண்டு பழகியவர் அவர். கோடரியைக் கீழே வைக்கும்படி சைகை காட்டி, வீதியின் இருமருங்கிலுமுள்ள கூரைகளை ஒருமுறை நோக்குமாறு எம்மிடம் சொன்னார். நோக்கினோம். அவர் வீட்டுக் கூரையிலே வெண்பனி விரித்த கம்பளம்போலச் சமமாகக் கிடந்தது. விளிம்பிலே பனி ஈட்டிகள் இல்லையென்றே சொல்லலாம். தம்பியின் வீட்டிலோ முகட்டருகே பனி உருகித் திட்டுத் திட்டாகக் கூரை தெரிந்தது. விளிம்பிலே தடித்த பனிக்கட்டி வரம்புபோல உயர்ந்திருந்தது. “உமது வீடு வானத்துக்குச் சூடேற்றுகிறது” என்றார் முதியவர்.

அவர் கூறியதன் உட்பொருள் வருமாறு. குளிர்காலத்தில் அங்கு வீட்டினுள்ளே ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் வெப்பம் பேணப்படுகின்றது. சூடான காற்று மேலெழும் இயல்புடையது. உட்கூரையிலுள்ள விளக்குத் துளைகள், சிறு இடுக்குகள் ஆகியவற்றின் வழியே அது முகட்டறையை அடைந்து, கூரைப் பலகையைச் சூடாக்குகின்றது. மேலே கிடக்கும் வெண்பனி தன்னுட் காற்றை அடக்கியிருத்தலால் ஒரு போர்வைபோலாகிக் குளிரைத் தடுக்கின்றது. ஆகவே அதன் அடிப்பகுதி உருகுகின்றது. உருகிய நீர் பனியின் கீழாகச் சரிந்து விளிம்பை அடைகின்றது. விளிம்போ சுவருக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருப்பது. வீட்டின் வெப்பம் அதற்கு எட்டாது. நீர் அங்கே மீண்டும் உறைந்து ஓர் அணையாகின்றது. பின்னால் வரும் நீர் அவ்வணைக்குள் தேங்குகின்றது. அந்நாட்டுக் கூரைகளிற் பெரும்பாலானவை தார் தோய்ந்த மெல்லிய தகடுகளை மீன் செதிள்போல அடுக்கி ஆணியறைந்தவை. ஓடும் நீரை அவை வழியவிடும். தேங்கிய நீரைத் தாங்கமாட்டா. நீர் தகடுகளுக்கு அடியிற் புகுந்து உள்ளே இறங்குகின்றது. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருமன் கூடுமாதலால், புகுந்த நீர் மீண்டும் உறைந்து வெடிப்புகளை அகலமாக்கவும் செய்கின்றது.

பாரத்தையும் எண்ணவேண்டும். மாணவர்கள் இதனை ஒரு கணக்காகச் செய்து பார்க்கலாம். புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 100 கிலோகிராம். ஈரமேறி இறுகினால் 300 கிலோகிராமையும் எட்டும். பனிக்கட்டியோ 917 கிலோகிராம். 100 சதுர மீற்றர் கூரையில் 30 சென்ரிமீற்றர் புதுப்பனி கிடந்தால் 3,000 கிலோகிராம். அதே உயரத்துக்கு இறுகிய பனி கிடந்தால் 9,000 கிலோகிராம். 1922 ஆம் ஆண்டு தை 28 ஆந் திகதி வாஷிங்டன் நகரிலே ஒரு படமாளிகையின் கூரை பனிப்பாரத்தால் இடிந்து 98 பேர் மாண்டனர். 2006 ஆம் ஆண்டு அதே திகதியிற் போலந்து நாட்டின் கற்றோவிச் நகரருகே கண்காட்சி மண்டபமொன்று பனி சுமந்த நிலையில் இடிந்து 65 பேர் உயிரிழந்தனர். செம்மையாகக் கட்டிய சரிவுக் கூரை வீடுகள் எளிதில் விழா. எனினும், வழக்கமாக மூடும் கதவு இறுகுதல், சுவரிற் புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் முறுகும் ஒலி கேட்டல் ஆகியவை நிகழ்ந்தால் உடனே வெளியேறித் தக்காரை அழைத்தல் வேண்டும்.

அன்று முதியவரின் சொற்படி, நிலத்தில் நின்றவாறே நீண்ட பிடியுடைய விறாண்டியால் விளிம்போரப் பனியை மெல்ல இழுத்து விழுத்தினோம். பழைய காலுறையொன்றிலே கல்சியங் குளோரைட்டை நிரப்பி அணைக்குக் குறுக்கே போட்டதும், அது பனிக்கட்டியை உருக்கி நீர் வடிய வழியொன்று செய்தது. சமையல் உப்பு இதற்கு ஆகாது. அது உலோகத்தை அரித்து, கீழேயுள்ள செடிகளையும் கெடுக்கும். கோடரியும் ஆகாது, பனிக்கட்டியோடு கூரைத் தகடும் பெயர்ந்துவிடும். உறைந்த கூரையில் ஏறுவதோ உயிரோடு விளையாடுவதாகும்.

பின்னர் முகட்டறையை ஆராய்ந்தபோது நோயின் மூலம் வெளிப்பட்டது. ஏறும் வாயிலின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. குளியலறையின் ஈரக்காற்றை வெளியேற்றும் குழாய் கழன்று, அத்தனை வெப்பத்தையும் முகட்டறைக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கு வரும்போது பொருள் நிரப்பிக் கொணரும் பெரிய பெட்டிகள் வெப்பங்காக்கும் பஞ்சை நசுக்கியதோடு, விளிம்பின் காற்றுத் துவாரங்களையும் அடைத்திருந்தன. இடுக்குகள் அடைக்கப்பட்டன, குழாய் கூரைக்கு வெளியே செலுத்தப்பட்டது, பெட்டிகள் கீழிறங்கின, பஞ்சு தடிப்பாக நிரப்பப்பட்டது. அவ்வாண்டு மார்கழியிலே தம்பி ஒரு படம் அனுப்பினான். படத்தில் வேறொன்றுமில்லை, முகடு முதல் விளிம்பு வரை வெண்பனி கலையாது கிடக்கும் கூரை மாத்திரமே.

கூரைப் பாதுகாப்பெல்லாம் பனி விழுமுன் செய்யும் வேலை. இலையுதிர்ந்து முடிந்ததும் பீலியைத் துப்புரவாக்கல் வேண்டும். நிலத்தில் நின்று தொலைநோக்கியாற் பார்த்து, கழன்ற தகடும் புகைபோக்கியைச் சுற்றியுள்ள உலோகப் பட்டியும் பழுதின்றி இருக்கின்றனவா என அறிதல் வேண்டும். பகலில் முகட்டறை விளக்கை அணைத்து நோக்கினால் ஓட்டையுள்ள இடத்தை வெளிச்சமே காட்டிக்கொடுக்கும். பனிக்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் பொறியின் புகைக்குழாயைப் பனி மூடாதவாறு பார்த்தலும் முக்கியமானது. மூடினால் மணமில்லாத நச்சுவாயு வீட்டினுட் பரவி உயிரைப் போக்கக்கூடும்.

நம்மவரின் பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய நாடுகளிலே வீடுகட்டி வாழ்கின்றனர். புரட்டாதி ஐப்பசியிலே அவர்களோடு தொலைபேசியிற் பேசும் பெற்றோர், “சாப்பிட்டாயோ?” என்று கேட்பதோடு “கூரை பார்த்தாயோ?” என்றும் கேட்பாராக. தை மாதத்திற் பேசும்போது, “ஏணியில் ஏறாதே” என்று ஒரு சொற் கூட்டிச் சொல்வாராக.