அழகாகத்தான் இருந்தது அந்தப் பட்டியல்



ரமழான் நெருங்குகிறது. பள்ளிவாசல்களில் ஸகாத் பட்டியல் தயாரிக்கிற வேலை இப்போது தொடங்கியிருக்கும். அதனால்தான் போன வருடம் எங்கள் மஹல்லாவில் நாங்கள் விட்ட ஒரு பிழையை இங்கே எழுதி வைக்கிறோம். நிர்வாகத்திடமும் சம்பந்தப்பட்டவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். யாருடைய பெயரும் இதில் இல்லை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கூட்டு ஸகாத் பட்டியலைக் கொம்பியூட்டரில் ஏற்றித் தாங்க" என்று நிர்வாகம் கேட்டபோது நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சந்தோசமாக ஒப்புக்கொண்டோம். அதுவரை மோதினார்தான் ஒரு சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதி வந்தார். வெட்டியிருக்கும், பக்கத்தில் அம்புக்குறி போட்டுத் திருத்தியிருக்கும், சில பக்கத்தில் தேத்தண்ணிக் கறையும் இருக்கும். பிள்ளைகளுக்கு விரிதாள் படிப்பிக்கிற எங்களுக்கு அதைப் பார்க்கவே கை துருதுருத்தது. "ஹாஜியார், இந்தக் கொப்பிய இனி அலுமாரிக்குள்ள வைங்க" என்று பகிடியும் விட்டோம்.

மூன்று இரவு உட்கார்ந்து 412 பெயரை அடித்தோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வீதி, வீட்டில் எத்தனை பேர் என்று நிரல் நிரலாக. தலைப்புக்கு ஆறு கலங்களை ஒன்றாக்கிப் பள்ளிவாசலின் பெயரைப் பெரிதாகப் போட்டோம். தலைப்பு நிரைக்கு நீல நிறம். நிரைகளின் உயரத்தைக் கூட்டினோம், எல்லாக் கலத்துக்கும் கோடு அடித்தோம். கடைசியாக முழுவதையும் தெரிவுசெய்து எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தோம். அச்சடித்துப் பார்த்தால் கலியாணக் கார்ட் மாதிரி இருந்தது. நிர்வாகத் தலைவர் கையில் வாங்கி, "மாஷா அல்லாஹ், இதுதான் வேலை" என்றார்.

எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தோம் என்றோமே, முதல் பிழை அதுதான். எக்ஸெலில் ஒரு கலத்துக்குள் நாம் எதை அடித்தாலும் அது எழுத்தா எண்ணா என்று மென்பொருளே ஒரு முடிவு எடுக்கும். எழுத்து என்று முடிவெடுத்தால் இடப்பக்கம் ஒட்டி நிறுத்தும். எண் என்று முடிவெடுத்தால் வலப்பக்கம் ஒட்டி நிறுத்தும். பார்த்த உடனே தெரிகிற அடையாளம் இது ஒன்றுதான். வடிவாக இருக்கட்டும் என்று அதை நாங்களே அழித்துவிட்டோம்.

பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு 'வீ' அல்லது 'எக்ஸ்' எழுத்தும் இருக்கும். எழுத்து இருப்பதால் எக்ஸெல் அதைத் தொடாது. 2016இலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் எழுத்து இல்லை, வெறும் 12 இலக்கம். கலத்தை எந்த வடிவமும் கொடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு 12 இலக்கத்தை அடித்தால் எக்ஸெல் அதை ஒரு பெரிய கணக்கு எண்ணாக நினைத்து 1.97756ஈ+11 என்று சுருக்கிக் காட்டும். நிரல் ஒடுக்கமாக இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து நாங்கள் நிரலை அகட்டினோம். மாறவில்லை. சரி, உள்ளுக்குள் இருக்கிறதுதானே என்று விட்டோம். உண்மையில் அந்த நேரம் உள்ளே முழு இலக்கமும் இருந்ததுதான். அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிராது.

ஆனால் ஆட்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு அந்தக் கோப்பை சீ.எஸ்.வி. ஆக மாற்றித் தரச் சொன்னார்கள். மாற்றிச் சேமித்தோம். சீ.எஸ்.வி. கோப்பு கலத்துக்குள் இருப்பதை எடுப்பதில்லை. திரையில் எது தெரிகிறதோ அதைத்தான் எழுதிக்கொள்ளும். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தபோது அந்த நிரல் இன்னும் அதே சுருக்கத்தில் நின்றது. எங்களில் ஒருவர் கெட்டிக்காரத்தனமாக அந்த நிரலுக்கு 'எண்' வடிவம் கொடுத்து, தசம தானத்தைப் பூச்சியமாக்கினார். உடனே 12 இலக்கம் முழுதாக வந்து நின்றது. 197756000000. பார்வைக்குச் சரி. கடைசி ஆறும் பூச்சியம் என்பதை 412 நிரைக்குள் யார் உற்றுப் பார்த்தது? முதல் கோப்பு இருக்கத்தக்கதாக இதையே நல்ல பிரதி என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம்.

இரண்டு தடவை பெயர் கொடுத்தவர்களை நீக்க வேண்டும் என்பது அடுத்த வேலை. பெயரை வைத்துத் தேட முடியாது. எங்கள் ஊரில் ஒரே பாத்திமா ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக வருவார், முஹம்மதுக்கு அளவே இல்லை. எனவே அடையாள அட்டை இலக்கத்தை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்கச் சொன்னோம். ஒரு சொடுக்கு. நாலு பதிவு நீக்கப்பட்டது, 408 மிச்சம் என்று எக்ஸெல் சொன்னது.

அந்த இரவு நாங்கள் சிரித்தோம். இதை எழுதத்தான் வேண்டும். "பாத்தீங்களா, நாலு பேர் ரெண்டு தரம் பேர் குடுத்திரிக்காங்க. கொப்பியில இது புடிபட்டிருக்குமா?" என்று எங்களில் ஒருவர் சொன்னார், மற்ற இரண்டு பேரும் தலையாட்டினோம். அந்த நாலு பேர் யார் என்று பார்க்கக்கூட இல்லை.

புதிய அட்டையில் முதல் நாலு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். சுருக்கத்தில் தப்பி நின்றது முதல் ஆறு இலக்கம் மட்டும். ஆகவே ஒரே வருடத்தில், ஏறத்தாழப் பத்து நாள் இடைவெளிக்குள் பிறந்த இரண்டு பெண்கள் எங்கள் பட்டியலில் ஒரே ஆளாகிவிட்டார்கள். முதலில் இருந்தவருடைய பெயர் நின்றது. இரண்டாவதாக இருந்தவர் போய்விட்டார். அப்படி நாலு பேர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயதான ஒருவரிடம் 12 இலக்க அட்டை இருக்கிறதென்றால் பெரும்பாலும் அவருடைய பழைய அட்டை தொலைந்திருக்கும் அல்லது பழுதாகியிருக்கும். எங்கள் பக்கம் வெள்ளத்தில் அட்டை போனவர்கள் எத்தனை பேர். பெட்டகத்துக்குள் பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களைத்தான் நாங்கள் திரும்பவும் அழித்தோம்.

விநியோகம் முடிந்து இரண்டாம் நாள், தரம் 11 பிள்ளை ஒன்று இடைவேளையில் கணினி அறை வாசலில் நின்றது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. என்ன மகள் என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்ல சேர்... எங்கட உம்மாட பேரு லிஸ்ட்ல இல்லயாம். உம்மா கேக்க வேணாம் எண்டுதான் சொன்னவ" என்றது.

அன்றிரவு தராவீஹ் முடிந்ததும் மோதினாரிடம் போய்க் கொப்பியைக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தார். ஒருவர் கொப்பியில் இருந்து வாசிக்க, ஒருவர் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு வர, ஸஹர் நேரம் நெருங்கும்போது நாலு பெயரும் கிடைத்தது. நாலு பேருமே ஒரு தடவைதான் பெயர் கொடுத்திருந்தார்கள்.

பொதியும் பணமும் அடுத்த நாளே நாலு வீட்டுக்கும் போனது. அது இலேசான பகுதி. அந்தப் பிள்ளையின் உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எங்களிடம் கேட்டது இதுதான்: "என்னப் பத்தி ஆரும் பள்ளிக்கு ஏதும் சொல்லிட்டாங்களோ எண்டு நினைச்சன் தம்பி." இரண்டு நாளாக அவர் யாரிடமும் பேசவில்லையாம். தான் என்ன பிழை செய்தோம், எந்த வீட்டில் எதைச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எக்ஸெல், சீ.எஸ்.வி. என்றெல்லாம் அவரிடம் எப்படி விளக்குவது? "எங்கட பிழை உம்மா, மிஷின்ல எங்கட பிழை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

இப்படி மாட்டிக்கொண்டது நாங்கள் மட்டுமில்லை என்பது பிறகு தேடிப் பார்த்தபோது தெரிந்தது. 'மார்ச் 1', 'செப்ட் 1' என்று பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்ஸெல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. அதே வருடம் இங்கிலாந்தில் பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 நிரைக்கு மேல் இடம் இல்லாததால் ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் விபரம் பல நாள் கணக்கில் சேராமல் போனது. இதை வாசித்து எங்களுக்குப் பெரிய ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

இந்த வருடம் செய்வது இது. எதையும் அடிக்க முன்னரே அடையாள அட்டை, தொலைபேசி, வங்கிக் கணக்கு ஆகிய மூன்று நிரலையும் தெரிவுசெய்து, கன்ட்ரோலும் 1உம் அழுத்தி 'டெக்ஸ்ட்' என்று வடிவம் கொடுத்துவிடுகிறோம். முன்னரே கொடுக்க வேண்டும். சீ.எஸ்.வி.யில் இழந்த பிறகு கொடுத்தால் போனது திரும்பி வராது. இப்படிச் செய்தால் தொலைபேசியின் முன் பூச்சியமும் நிற்கும். வங்கி அட்டை இலக்கம் எழுதுகிறவர்கள் கூடுதல் கவனம், எண்ணாக அடித்தால் எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது, 16ஆவது பூச்சியமாகிவிடும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத இலக்கம் எதுவுமே எண் இல்லை, அது பெயர் மாதிரித்தான். பிள்ளைகளுக்கும் இப்போது இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். முன்பு இந்தப் பாடத்தை நிறமும் கோடும் காட்டி ஒரு பாடவேளையில் முடித்துவிடுவோம்.

பிறந்த திகதி இன்னொரு தலையிடி. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 5/3 மே மாதமாகிவிடும். முதலாம் தரத்துக்குப் பிள்ளை சேர்க்கிற காலத்தில் இதைப் பற்றித் தனியாக எழுதலாம், இன்ஷா அல்லாஹ். கலங்களை ஒன்றாக்குவதை அறவே விட்டுவிட்டோம், வரிசைப்படுத்தும்போது அது காலை வாரும். நடுவுக்குக் கொண்டுவருவதும் இல்லை. பட்டியல் இப்போது பார்க்க அவ்வளவு வடிவில்லை.

இரட்டைப் பதிவை இனி நாங்கள் நீக்குவதில்லை, நிறம் மட்டும் போட்டுக் காட்டச் சொல்கிறோம். நிறம் விழுந்த ஒவ்வொரு பெயரையும் மோதினார் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு. இந்த வருடக் கொப்பியை நாங்களே கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தோம். பெயர்களை அடிக்கிற வேலைக்கு அந்தப் பிள்ளையும் உம்மாவின் சம்மதத்தோடு வருகிறது. எங்களைவிட வேகமாக அடிக்கிறது.

வடிவம் கொடுத்த வெற்றுப் பட்டியல் ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. வேறு மஹல்லாக்காரர்கள் யாருக்கும் தேவையென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறோம். ஏற்கெனவே அடித்து முடித்தவர்கள் அடையாள அட்டை நிரலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள், கடைசியில் ஆறு பூச்சியம் எங்கேயும் நிற்கிறதா என்று.