மூன்று புலிகளும் ஒரு வார விடுமுறையும்

வெளியூர் போகிறவர்கள் பொதுவாகக் கோயிலையும் கடற்கரையையும் துணிக்கடையையும் விசாரிப்பார்கள். என் வழக்கம் சற்றே வேறு. போய் இறங்கிய ஊரில் பலகை விளையாட்டுகள் விற்கும் கடை எங்கே இருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் தம் கைக்காசைப் போட்டு எங்கே சாப்பிடுகிறார்கள் என்ற இரண்டை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஓர் ஊர் தன் உழைப்பை எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்ல எத்தனையோ அறிக்கைகள் உண்டு. அது தன் ஓய்வை எப்படிச் செலவழிக்கிறது என்பதை இந்த இரண்டு இடங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கின்றன.

இந்தமுறை நான்கு நாள் விடுமுறைக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தங்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். அங்கே விடுமுறைக்கு யார் போவார்கள் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் என் அக்காள் மகள் அங்கே ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். தேனிப் பக்கத்துப் பெண். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடச் சொல்லி வீட்டில் அழுத்தம் கூடிக்கொண்டிருந்தது. "நீ போய் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வா" என்று அக்கா சொன்னதை நான் என் விடுமுறையாக மாற்றிக்கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த தலம். மரபுக் கணக்கில் ஆண்டு 1017. 1991 மே 21-க்குப் பிறகு உலகச் செய்தித்தாள்களுக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்தால் தெரியவந்தது. இன்றைய தலைமுறைக்கு அது சிப்காட். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் கதவை மூடியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இலும், டைம்லரின் லாரித் தொழிற்சாலை 2012-இலும் திறக்கப்பட்டன. சாலையோரம் ஏரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நாரையும் மறுபக்கம் கொள்கலன் லாரி வரிசையும் தெரியும்.

முதலில் விளையாட்டுக் கடை. இரண்டு நாள் நடந்து தேடியதில், 'ஹாபி' கடை என்று நகரத்தில் சொல்லப்படும் வகையில், கட்டான் போன்ற ஐரோப்பிய ஆட்டங்களை அடுக்கி வைத்து, உட்கார்ந்து ஆடிப்பார்க்க மேசையும் போட்டிருக்கும் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. பட்டது மூன்று வகை. எழுதுபொருள் கடையில் நோட்டுப் புத்தகங்களுக்கு மேல் பிளாஸ்டிக் சதுரங்கமும், பாம்புப்படமும் லூடோவும் முதுகோடு முதுகு ஒட்டிய அட்டையும் இருந்தன. விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவே கேரம் பலகை, ஸ்ட்ரைக்கர், பவுடர் டப்பா. பாத்திரக்கடையில் குத்துவிளக்குகளுக்குப் பின்னால், கேட்டால் மட்டும் எடுத்துத் தரும் பித்தளைத் தாயக்கட்டை. கடைக்காரர் தூசியைத் துடைத்துக் கையில் தந்தபோது, "வைகுண்ட ஏகாதசிக்குத்தான் சார் கேப்பாங்க" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் பலருக்கு மொனாப்பொலியையும் 'ஸ்காட்லாண்ட் யார்ட்'டையும் அறிமுகப்படுத்திய ஃபன்ஸ்கூல் நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1987-இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலைகளில் ஒன்று இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் இருக்கிறது. நம் பழைய ஆட்டங்களைத் துணியிலும் மரத்திலும் மறுபடி செய்து விற்கும் 'கிரீடா'வும் சென்னையில்தான் 2002-இல் உருவானது. ஆட்டங்கள் இந்த வட்டாரத்தைச் சுற்றிலும் பிறக்கின்றன. இந்த வழியாகவே லாரியில் ஏறிப் போகின்றன. இறங்குவதில்லை.

ஆட்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரகடத்தின் உள் தெருக்களில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் வீடுகளின் முன்னால், ஞாயிறு மதியம் ஒரு கேரம் பலகையாவது இருக்கும். மொழி தேவைப்படாத ஆட்டம் அது. சிவப்புக் காயை எடுத்தவன் அடுத்து இன்னொன்றையும் எடுத்தாக வேண்டும் என்ற சட்டம் எல்லா மாநிலத்துக்கும் பொது. சென்னைக்குக் கேரம் வெறும் பொழுதுபோக்கும் அல்ல. மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது பெற்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். ஆனால் அந்தத் தெருப் பலகைகளைச் சுற்றி ஒரு பெண்ணைக்கூட நான் பார்க்கவில்லை. பெண்கள் விடுதிக்குள் இருந்தார்கள். அல்லது பேருந்தில்.

அடுத்தது சாப்பாடு. இந்தப் பாதையில் உணவு என்பது ருசியைப் பற்றிய பேச்சு மட்டுமாக இருக்க முடியாது. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பெண்கள் இரவில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அக்கா அன்று தொலைக்காட்சியில் பார்த்த காட்சிதான் இன்றைக்கும் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது. அப்போது மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"விடுதிச் சாப்பாடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு மாமா. பசிக்குச் சாப்பிடலாம். எல்லா நாளும் ஒரே மாதிரி மஞ்சளா இருக்கும், அவ்வளவுதான். அம்மாகிட்ட நல்லா இருக்குன்னு சொல்லிருங்க."

அவளுடைய வார விடுமுறை நாளில் காஞ்சிபுரம் போனோம். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கப்படும் குடலை இட்லியை அவள் சாப்பிட்டதில்லை. மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. இட்லி என்ற பெயர் ஒன்றுதான் நம் வட்ட இட்லியோடு பொது. துண்டு போட்டுத் தருவார்கள். வாயில் வைத்ததும் முதலில் சுக்கும் பிறகு இலை மணமும் வரும். "இது மருந்து மாதிரியும் இருக்கு, பலகாரம் மாதிரியும் இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டாம் துண்டு கேட்டாள்.

மறுநாள் அவளுக்கு இரவு ஷிப்டு. பகலில் தூங்கி எழுந்தவளை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரிய உணவகத்துக்கு அழைத்துப் போனேன். கார்த் தொழிற்சாலையோடு வந்த பொறியாளர் குடும்பங்களுக்காகத் தோன்றியவை இந்தக் கடைகள். பெயர்ப்பலகை கொரிய எழுத்தில் இருக்கும். உள்ளே பரிமாறுகிறவர் மணிப்பூர்க்காரராகவோ மதுராந்தகத்துக்காரராகவோ இருப்பார். நாம் கேட்காமலே ஐந்தாறு கிண்ணங்களில் கிம்ச்சி, முளைகட்டிய பயறு, கீரை என்று தொடுகறிகள் வந்து இறங்குகின்றன. தீர்ந்தால் மறுபடி தருகிறார்கள், காசில்லை. சூடான கல்சட்டியில் சோறும் காய்களும் வந்தன. அடியில் பிடித்த தீசலைச் சுரண்டித் தின்பது அங்கேயும் விசேஷம்தானாம். எங்கள் ஊர்ப் பாட்டிகள் கொரியாவில் பிழைத்துக்கொள்வார்கள்.

கல்லாவின் பக்கத்தில் ஒரு சிறு டப்பாவில் வண்ண வண்ணமாக ஐந்து பிளாஸ்டிக் மணிகள் கிடந்தன. மருமகள் அவற்றை எடுத்து, யோசிக்காமல் ஒன்றை மேலே எறிந்து நான்கை வாரினாள். கல்லாவில் இருந்த கொரிய அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். அது அவர்களுடைய கொங்கி. 2024 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்குவிட் கேம்' இரண்டாம் பகுதிக்குப் பிறகு உலகமே பார்த்த ஆட்டம். நமக்கு அது அஞ்சாங்கல். சங்கப் பாடல்களில் வரும் கழங்கின் பேத்தி. கடைசிக் கட்டத்தில் ஐந்தையும் புறங்கையில் ஏந்திப் பிறகு உள்ளங்கையில் பிடிக்க வேண்டும் என்று அந்த அம்மையார் செய்து காட்டினார். இவள் மூன்றைப் பிடித்தாள், அவர் ஐந்தையும் பிடித்தார். இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. அந்த நான்கு நாட்களில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அங்கேதான்.

வெளியே வந்ததும் சொன்னேன்: "உன் அறைத் தோழிகளோட ஆட ஒரு நல்ல பலகை ஆட்டம் வாங்கித் தரேன். நாலு பேர் ஆடுறது."

"நாலு பேரா?" என்றாள். "மாமா, எங்க அறைல ஆறு பேர். மூணு ஷிப்டு. வார லீவும் ஆளுக்கு ஒரு நாள். நான் வரும்போது ரெண்டு பேர் தூங்குவாங்க, ரெண்டு பேர் கிளம்பிட்டிருப்பாங்க. ரெண்டு வருசத்துல ஆறு பேரும் ஒண்ணா முழிச்சிருந்தது பொங்கலன்னைக்கு ஒரு தடவை."

நான் தேடிக்கொண்டிருந்தது கடையை. அவர்களிடம் இல்லாதது கடை அல்ல, பொதுவான ஒரு மணி நேரம். அரசு 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைத் திறந்தது. மொட்டைமாடிக் கொட்டகைகளிலிருந்து அது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. படுக்கையை எண்ணிவிட முடியும். ஒரே அறையில் இருப்பவர்கள் ஒன்றாக விழித்திருக்கும் நேரத்தை எந்தத் திட்ட அறிக்கையிலும் யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை. நண்பர்களைச் சம்பாதிக்கும் வயதில் அவர்கள் ஒருவர் தூங்கும் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

நான்காம் நாள், விடுதி வாசலுக்கு எதிரே இருந்த பிள்ளையார் கோயில் திண்ணையில் சாக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் போட்டேன். பழைய மண்டபத் தரைகளில் பல ஊர்களில் செதுக்கி வைத்திருப்பார்களே, அதே முக்கோணம். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி ஆட்டை வெட்டும். ஆடுகள் கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைக்கும். அவளோடு வந்திருந்த தோழி அசாமில் வளர்ந்த நேபாளி மொழிப் பெண். சற்று நேரம் பார்த்துவிட்டு, சாக்கட்டியை வாங்கிப் பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்தாள். அவர்களுடைய பாக்சால். 4 புலி, 20 ஆடு. சட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். தனித்தனியாக நின்றால் ஆடு செத்தது என்பதை இமயமலை அடிவாரத்திலும் வைகைக் கரையிலும் ஒரே மாதிரி கண்டுபிடித்திருக்கிறார்கள். இருவரும் ஒரு ஆட்டம் முடிப்பதற்குள் தோழியின் நிறுவனப் பேருந்து வந்துவிட்டது.

"அப்படியே இருக்கட்டும், கலைக்காதே" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஓடினாள். திண்ணையில் எப்படிக் கலைக்காமல் வைப்பது? அப்போதுதான் மருமகளுக்கு அந்த யோசனை வந்தது. என் துண்டில் பேனாவால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் பொட்டுக்கடலையும் காய்களாக இருந்த இடத்திலேயே எடுத்து வைத்து, அறைக்குக் கொண்டுபோனாள்.

ஊருக்கு வந்து அக்காவிடம், அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்றும், நன்றாக இல்லாதது எது என்றும் இரண்டையும் சொன்னேன். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்றும் சொன்னேன். அக்காவுக்கு அதில் முழுச் சம்மதமில்லை.

துண்டு இப்போது அவர்கள் அறையில் டிரங்குப் பெட்டியின் மேல் விரித்துக் கிடக்கிறது. வேலை முடிந்து வருபவள் தூங்கப் போகுமுன் ஒரு காயை நகர்த்துகிறாள். தூங்கி எழுபவள் வேலைக்குக் கிளம்புமுன் அதற்குப் பதில் வைக்கிறாள். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு நகர்வு. மற்ற நான்கு பேரும் போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்து, யாருக்கும் தெரியாமல் காயை மாற்றி வைக்காமல், கருத்து மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் கேட்டேன். பதினோரு ஆடுகள் இறங்கிவிட்டன, இரண்டு வெட்டுப்பட்டன, ஒரு புலி மூலையில் ஏறக்குறைய மாட்டிக்கொண்டது என்றாள்.

"யாரு மாமா ஜெயிப்பாங்கன்னு கேக்காதீங்க. இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."